நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகும் வழி: டர்பனுக்குப் புதிதாக வந்திருக்கும் கர்ப்பிணிகளுக்கு

முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்கு அதிகம் கிடைத்த அறிவுரை "நல்லா சாப்பிடும்மா" என்பதுதான். அம்மா திருநெல்வேலியிலிருந்து தினமும் போனில் சொன்னார். இங்கே சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு ஆயா பருப்பும் கீரையுமாகச் சமைத்து எடுத்து வந்துவிடுவார். அவர் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்தில், டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு வந்தது. தமிழ் பாதி மறந்துபோனாலும் பாசத்துக்குக் குறைவில்லை. நானும் சாப்பிட்டேன். 33ஆவது வாரம் கிளினிக் சிஸ்டர் என் வயிற்றில் டேப்பை வைத்து அளந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் அளந்தார். 29 சென்டிமீட்டர்தான் இருந்தது.

என் சாப்பாட்டில் குறை இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சாப்பிட்டதையும் மூச்சில் இழுத்ததையும் குழந்தையிடம் கொண்டுபோகும் ரத்தக்குழாய்கள் போதிய அகலத்துக்கு விரியவில்லை. அந்தக் குழாய்களைப் பற்றி அதுவரை யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த ஊருக்குப் புதிதாக வந்து, மொழியும் சரியாகப் பழகாமல், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் தங்கைகளுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கொடி என்றால் என்ன

நஞ்சுக்கொடி என்கிறோம், இளங்கொடி என்கிறோம். ஊரில் பசு கன்று போட்டதும் கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை பிறந்ததும் வெளியே தள்ளப்படும் அந்தச் சதைத் தட்டுதான் ஒன்பது மாதமும் குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாமே. நிறைமாதத்தில் அரைக் கிலோ அளவுக்கு இருக்கும்.

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அதில் கலப்பதில்லை. பலர் கலக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையின் ரத்தம் தொப்புள்கொடி வழியாக வந்து, மரக்கிளைபோல் பிரிந்து நிற்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய விரல்களுக்குள் ஓடுகிறது. தாயின் ரத்தம் அந்த விரல்களுக்கு வெளியே குளம்போல் தேங்கி நனைக்கிறது. நடுவில் ஒரு மெல்லிய சுவர். ஆக்சிஜனும் சத்தும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகின்றன, கழிவு திரும்பி வருகிறது. ஆகவே இரண்டு ஓட்டங்களும் சரியாக இருக்க வேண்டும்: தாயிடமிருந்து குளத்துக்கு வருவது ஒன்று, குழந்தையிடமிருந்து விரல்களுக்கு வருவது இன்னொன்று. பின்னால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனை பற்றிச் சொல்லும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

கர்ப்பம் இல்லாத காலத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி ரத்தம் போகும். பிரசவம் நெருங்கும்போது அது 500 முதல் 700 மில்லி வரை ஏறிவிடும், சிலருக்கு அதற்கும் மேலே. பத்து மடங்குக்கும் அதிகம்! இதற்காக உடம்பு ரத்தத்தின் நீர்ப்பகுதியையே 40 முதல் 50 சதவீதம் கூட்டிக்கொள்கிறது, இதயமும் அதே அளவுக்குக் கூடுதலாக இறைக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

முதல் மூன்று மாதம்: கதவு சாத்தியிருக்கும் காலம்

எனக்கு ஆச்சரியமாக இருந்த பகுதி இது. முதல் பத்துப் பன்னிரண்டு வாரம் தாயின் ரத்தம் கொடிக்குள் தாராளமாகப் பாய்வதே இல்லை. கொடியிலிருந்து கிளம்பும் செல்கள் ரத்தக்குழாய்களின் வாயில் தக்கைபோல் அடைத்துக்கொள்கின்றன. உறுப்புகள் உருவாகும் அந்த நேரத்தில் அதிக ஆக்சிஜன் கருவுக்கு நல்லதல்ல. அதுவரை கருப்பையின் உள்சுவரில் இருக்கும் சுரப்பிகள் ஊட்டம் கொடுக்கின்றன. மசக்கையில் ஒரு வாய் சோறு இறங்கவில்லையே, பிள்ளை பட்டினி கிடக்குமோ என்று அழுகிற தங்கைகளுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன். (தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.)

இந்தக் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பெயர் பதிவது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும், 14 வாரத்துக்குள் கிளினிக்குக்குப் போங்கள். "மூணு மாசம் முடியட்டும், கண் படும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஊருக்குச் சொல்வதைத் தள்ளிப் போடுங்கள், சிஸ்டரிடம் சொல்வதைத் தள்ளிப் போடாதீர்கள். வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் பின்னால் குழந்தை சிறியதா, கணக்கு தப்பா என்று பிரித்துப் பார்க்க முடியும். அந்தக் கணக்கை ஆரம்பத்தில்தான் துல்லியமாகப் போடலாம்.

அரசு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கட்டணம் இல்லை. 1994இல் மண்டேலா அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. விசா விஷயத்தில் பயந்து வீட்டிலேயே இருக்கும் பெண்களையும் எனக்குத் தெரியும். கர்ப்பிணி எந்த நாட்டவர், கையில் தாள் இருக்கிறதா என்று பாராமல் அரசு மருத்துவமனைகள் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்று 2023இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயங்காமல் போங்கள். எடுத்துப்போக வேண்டியவை: பாஸ்போர்ட் இருந்தால் அது, வீட்டு முகவரிக்கு ஏதாவது ஒரு தாள், கடைசி மாதவிலக்குத் தேதி, கையில் கொஞ்சம் சாப்பாடு. விடிகாலையிலேயே வரிசை நீண்டுவிடும்.

முதல் நாளே ரத்தம் எடுப்பார்கள். எச்.ஐ.வி. சோதனையும் இருக்கும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான், தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று மனம் கோண வேண்டாம். கடைசியில் ஒரு பேறுகாலப் பதிவேடு கையில் கொடுப்பார்கள். பிரசவம் வரை அது உங்கள் பையிலேயே இருக்கட்டும், கடைக்குப் போனாலும் சரி.

அங்கேயே மாம்கனெக்ட் சேவையிலும் பதிந்துகொள்ளுங்கள். போனில் *134*550# அடித்தால் போதும், வாரத்துக்கு ஏற்ற தகவல் வரும். தமிழில் வராது. இந்நாட்டு அரசியல் சட்டம் வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு நாள் வரும் என்று காத்திருக்கிறேன்.

12 முதல் 20 வாரம் வரை: வாய்க்கால் வெட்டும் காலம்

இனி கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

கருப்பைச் சுவருக்குள் சுருள் சுருளாக நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தமனிகள் வந்து முடிகின்றன. கொடியின் செல்கள் இவற்றுக்குள் நுழைந்து, சுவரில் இருக்கும் தசையைக் கரைத்துவிடுகின்றன. தசை போனதும் அந்தக் குழாய் சுருங்க முடியாத, வாய் அகன்ற புனல் ஆகிவிடுகிறது. முன்பிருந்ததைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு அகலம். தக்கைகளும் மெல்லக் கரைந்து, ரத்தம் உள்ளே வரத் தொடங்குகிறது. ஏறக்குறைய 20ஆவது வாரத்துக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

அகலமானால் அதிக ரத்தம் வரும், அது புரிகிறது. ஆனால் வேகம் குறைவதுதான் அதைவிட முக்கியம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குறுகலான மடையில் சீறி வரும் தண்ணீர் நாற்றைச் சாய்த்து மண்ணை அரித்துவிடும். அதே தண்ணீர் அகன்ற வாய்க்காலில் வந்தால் வயல் முழுக்கப் பரவி நனைக்கும். கொடிக்குள் இருக்கும் மெல்லிய விரல்களும் நாற்றுதான். நிதானமாக வரும் ரத்தத்தில்தான் அவை ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. குழாய்கள் குறுகலாகவே இருந்து, ரத்தம் சீறிக்கொண்டு வந்து விரல்களைச் சேதப்படுத்துகிறது. தவிக்கும் கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அவை தாயின் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களைத் தாக்கும்போது 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் தெரிகிறது. இதுதான் பிரிஎக்ளாம்ப்சியா. தாயையும் பிள்ளையையும் சேர்த்து எடுத்துவிடக்கூடிய நோய். டர்பன் மருத்துவக் கல்லூரியில் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்த பேராசிரியர் ஜாக் மூட்லியின் பெயர் உலகெங்கும் இத்துறையினருக்குத் தெரியும். மூட்லி என்பது நம் முதலிதான்.

குழாய்கள் விரியாமல் போனதற்கு நீங்கள் செய்த தப்பு எதுவும் காரணம் இல்லை. பேருந்தில் போனதால், பப்பாளி சாப்பிட்டதால், கிரகணத்தன்று வெளியே வந்ததால் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான் மூன்று மாதம் அப்படி வாங்கி அழுதிருக்கிறேன்.

செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றை இந்தக் காலத்திலேயே செய்ய வேண்டும். முன்பு பிரிஎக்ளாம்ப்சியா வந்திருந்தால், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுப்பார்கள். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக எடுக்கக் கூடாது. கிளினிக்கில் தரும் கால்சியம் மாத்திரையும் இந்த நோயின் ஆபத்தைக் குறைப்பதற்குத்தான். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றதை உடம்பில் சேர விடாது. ஒன்று காலையில், இன்னொன்று இரவில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ வேண்டாம்.

புகை அறவே கூடாது. சிகரெட் குடிக்கும் நம் பெண்கள் குறைவு என்றாலும், டர்பனில் வீட்டுக் கொண்டாட்டங்களில் ஹப்ளி என்று ஹூக்காவைச் சுற்றுக்கு விடுகிறார்கள். பழவாசனை அடிப்பதால் அது வெறும் ஆவி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் நிகோடின் குழாய்களைச் சுருக்கும், கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பக்கத்தில் இருக்கும் ஜூலு அக்காமார்கள் அன்போடு இசிஹ்லம்பெசோ என்ற மூலிகைக் கஷாயத்தைக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் குடிப்பது அவர்கள் வழக்கம். அதில் சேரும் சில மூலிகைகள் கருப்பையைச் சுருங்க வைப்பவை. கருப்பை சுருங்கும்போது அந்த நேரத்துக்கு உள்ளே வரும் ரத்தம் குறையும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நம் வீட்டுக் கஷாயங்களுக்கும் இதே பதில்தான்.

20 வாரத்துக்குப் பிறகு: அளவுகளைக் கவனியுங்கள்

முதல் வருகைக்குப் பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40 வாரங்களில் வரச் சொல்வார்கள். ஒன்றையும் விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் நடந்ததா என்று நீங்களே பாருங்கள்: ரத்த அழுத்தம், சிறுநீர், வயிற்று அளவு. கூட்டம் அதிகமான நாளில் ஏதாவது விட்டுப்போகும். எனக்கும் ஒரு நாள் அழுத்தம் பார்க்காமலே அனுப்பினார்கள், நானும் பேசாமல் வந்துவிட்டேன். அப்படி வராதீர்கள். "சிஸ்டர், பிபி ப்ளீஸ்" என்றாலே போதும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அது கவனிக்க வேண்டிய எண்.

வயிற்று அளவு 24 வாரத்துக்குப் பிறகு ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். 30 வாரம் என்றால் 30 சென்டிமீட்டர் பக்கம். பதிவேட்டில் இருக்கும் வரைபடத்தில் உங்கள் புள்ளிகள் கோட்டோடு ஏறுகின்றனவா, படுத்துவிட்டனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம். என் புள்ளிகள் 30ஆவது வாரத்திலிருந்தே படுக்கத் தொடங்கியிருந்தன. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

படுக்கும் விதத்தையும் இந்தச் சமயத்தில் மாற்ற வேண்டும். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிய பெரிய சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, கருப்பைக்குப் போவதும் குறையும். சிலருக்குத் தலை சுற்றும். 28 வாரத்திலிருந்து ஒருக்களித்துத் தூங்கப் போங்கள், எந்தப் பக்கம் என்றாலும் சரி. நடுராத்திரி விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் மேசையில் தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள், வலப்பக்க இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைப்பார்கள்.

விரத விஷயம் ஒன்று. புரட்டாசி முழுவதும் சைவம் இருப்பதும் தைப்பூசத்துக்கு விரதம் பிடிப்பதும் இங்குள்ள தமிழர்கள் உயிராகப் போற்றும் வழக்கங்கள். சைவம் இருப்பதில் ஒன்றும் இல்லை, பருப்பும் பயறும் கூட்டிக்கொண்டால் போதும். ஆனால் டர்பனின் தை மாத வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் காவடி ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நிற்பது வேண்டாம். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

28 முதல் 34 வாரத்துக்குள்: டாப்ளர் கேளுங்கள்

டாப்ளர் என்பது ஒலியால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை. ரயில் நெருங்கும்போது ஊதல் ஒரு சுதியிலும் விலகும்போது வேறு சுதியிலும் கேட்கும் அல்லவா, அதேபோல் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலி மாறும். அந்த மாற்றத்தைத் திரையில் அலையாக வரையும். வலி கிடையாது.

சாதாரணமாகப் பார்ப்பது தொப்புள்கொடித் தமனியை, அதாவது குழந்தையின் இதயம் கொடிக்குத் தள்ளும் ரத்தத்தை. இதயம் சுருங்கும்போது அலை உச்சிக்குப் போகும், தளரும்போது இறங்கும். ஆரோக்கியமான கொடியில் ரத்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு குறைவு. அதனால் இதயம் தளர்ந்திருக்கும் நொடியிலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், அலை அடிக்கோட்டைத் தொடாது. வாரம் ஏற ஏறக் கொடியில் புதிய கிளைகள் விட்டு எதிர்ப்பு இன்னும் குறையும். ஆகவே எதிர்ப்புக் குறியீடு என்ற எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். அது ஏறியிருந்தால் அடிக்கடி பார்ப்பார்கள். அலை அடிக்கோட்டைத் தொட்டுவிட்டால், அதாவது தளரும் நொடியில் ஓட்டமே இல்லை என்றால், அன்றைக்கே மருத்துவமனை. ஓட்டம் பின்னோக்கித் திரும்பினால் அது இன்னும் அவசரம்.

இந்த நாட்டிலேயே அம்பிஃப்ளோ என்று ஒரு சிறு கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இந்நாட்டின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆரும் சேர்ந்து செய்தது. பெரிய ஸ்கேன் இயந்திரமும் நிபுணரும் இல்லாமல், பயிற்சி பெற்ற சிஸ்டரே கிளினிக்கில் பார்த்துவிடலாம். ஆபத்து எதுவும் இல்லை என்று கருதப்பட்ட 7,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இந்தக் கருவியால் பார்த்தபோது, ஏறக்குறைய 100க்கு 13 பேருக்கு எதிர்ப்பு கூடியிருந்தது. 100க்கு ஒருவருக்குத் தளரும் நொடியில் ஓட்டமே இல்லை. வயிற்றை அளந்து மட்டும் பார்த்திருந்தால் இவர்களில் பலருக்கு இருந்த ஆபத்து கண்ணில் படாமலே போயிருக்கும். எல்லாக் கிளினிக்கிலும் இந்தக் கருவி இருக்காது. "அம்பிஃப்ளோ இருக்கிறதா? இல்லையென்றால் டாப்ளருக்கு எங்கே அனுப்புவீர்கள்?" என்று 26 வார வருகையிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் மருத்துவரிடம் போகிறவர்கள் தாய்ப்பக்கக் கருப்பைத் தமனியையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

எனக்கு எண் ஏறியிருந்தது, ஓட்டம் நிற்கவில்லை. வாரம் இருமுறை பார்த்தார்கள். குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும் பார்த்தார்கள். வரத்து குறைந்தால் குழந்தை மூளையை முதலில் காப்பாற்றிக்கொள்ளும், கை கால்களுக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளும். அந்த மாற்றமும் டாப்ளரில் தெரியும். 36 வாரத்தில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். 2.1 கிலோ. இப்போது அவளுக்கு ஏழு வயது.

எப்போது ஓட வேண்டும்

குழந்தையின் அசைவுதான் வீட்டிலேயே இருக்கும் டாப்ளர். 28 வாரத்துக்கு மேல் உங்கள் குழந்தைக்கு என்று ஒரு பழக்கம் இருக்கும். ரத்தம் குறைந்தால் குழந்தை சக்தியை மிச்சப்படுத்த அசைவைக் குறைக்கும். வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினால் அன்றைக்கே போங்கள். இனிப்புச் சாப்பிட்டுப் பார், காலையில் பார்க்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது பூச்சி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழ் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான். கடையில் விற்கும் தலைவலிப் பொடியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். பலவற்றில் ஆஸ்பிரின் அதிக அளவில் இருக்கும், அதோடு ஒரு முக்கிய அறிகுறியை அது மூடி மறைத்துவிடும். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. வர நேரமாகலாம், ஆகவே கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். என்னை ராத்திரி 2 மணிக்குக் கொண்டுபோனது ஆயாவின் மகன்தான்.

பிரசவம் ஆன பிறகு

கொடி பிரிந்ததும் அந்த நூற்றுச் சொச்சம் குழாய்களும் திறந்த வாயோடு நிற்கும். தசை கரைந்துவிட்டதால் தாமாக மூட முடியாது. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ஓடிய இடம் அது. கருப்பையின் தசைதான் இறுகிப் பிடித்து அவற்றை நெரித்து மூட வேண்டும். குழந்தை பிறந்த உடனே தொடையில் போடும் ஆக்சிடோசின் ஊசி அதற்காகத்தான், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பின்னால் துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தால் உடனே கூப்பிடுங்கள்.

அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஏறலாம். வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி வந்தாலும் மேலே சொன்னதுதான் வழி. முதல் வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் பிள்ளையை மட்டும் காட்டிவிட்டு வராமல் உங்கள் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருக்கும் டாப்ளர் பக்கங்களைப் படம் பிடித்து வையுங்கள். அடுத்த பிள்ளைக்குப் பெயர் பதியும் நாளில் முதலில் காட்ட வேண்டியது அதுதான். இரண்டாவது முறை நான் அப்படித்தான் காட்டினேன். 12ஆவது வாரத்திலேயே ஆஸ்பிரின் தொடங்கினார்கள். 39 வாரத்தில் பிறந்தான், 3 கிலோ. கொடியைப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டேன். தட்டில் விரித்துக் காட்டினார். என் பக்கம் கருஞ்சிவப்பாக, பாத்தி பாத்தியாக இருந்தது. அவன் பக்கம் பளபளவென்று, நடுவிலிருந்து வாய்க்கால்போல் ரத்தக்குழாய்கள் நாலாபுறமும் ஓடியிருந்தன.